மச்சான் கடைப் பலகையில் ஒரு புது ரேட்

போன வாரம் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி, வழக்கம்போல முதலில் மச்சானின் மிளகாய் வத்தல் மண்டிக்குள் நுழைந்தேன்.

வாசலில் தினமும் சாக்பீஸால் விலை எழுதும் கரும்பலகை. வத்தல், மல்லி, பருத்தி... அதற்கெல்லாம் கீழே, கொட்டை எழுத்தில் — பி.எஸ்.ஏ. 0.5.

பரளச்சியில் தன் காட்டில் விளைந்ததை மூட்டை கட்டிக் கொண்டுவந்த ஒரு சம்சாரி அதையே முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இது என்ன சரக்கு மொதலாளி? இம்புட்டு இறங்கிப்போச்சு?"

"நம்ம சரக்குத்தான்யா. இன்னும் இறங்கணும்!" என்று சொல்லி, அவர் கையில் கருப்பட்டி மிட்டாயை வைக்கிறார் மச்சான்.

வாழ்நாளெல்லாம் ரேட் இறங்கினால் சோறு இறங்காத மனிதர். அவர் கடையில், ஒரு ரேட் இறங்கியதற்கு மிட்டாய்!

இரண்டு வருஷம் முன்பு மச்சானுக்கு ஒன்றுக்குப் போவதில் சிரமம். சூடு என்று அவரே முடிவு செய்து, வெந்தயத்தை ஊற வைத்துத் தின்றுகொண்டிருந்தார். இந்த மாதிரி விஷயத்தை ஆண்கள் என்றைக்கு உடனே வாய் திறந்து சொல்லியிருக்கிறோம்? அக்காதான் பிடிவாதமாக மதுரைக்கு இழுத்துப் போனாள். ப்ராஸ்டேட்டில் கேன்சர் என்றார்கள். மூத்திரப்பைக்குக் கீழே, ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சின்னச் சுரப்பி அது. நல்லவேளை, வெளியே பரவவில்லை.

கரண்ட் வைத்தார்கள். ரேடியேஷனுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வாரக்கணக்கில் மதுரைக்கும் வீட்டுக்கும் பஸ்ஸிலேயே குடித்தனம். எல்லாம் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "இனிமே ரத்தத்துல பி.எஸ்.ஏ.ன்னு ஒண்ணு, அந்தச் சுரப்பி விடுறது, அதைப் பார்த்துக்கிட்டே வருவோம். அது மெதுவாத்தான் இறங்கும். மாசக்கணக்கா ஆகும்... வருஷம்கூட ஆகலாம். அவசரப்படாதீங்க."

மச்சான் தலையை ஆட்டினார். வியாபாரி தலையை ஆட்டினால் ஒப்புக்கொண்டார் என்றா அர்த்தம்?

முதல் ரிசல்ட் வந்ததும் எனக்குப் போன் போட்டார். "ரெண்டுதான் மாப்ளே! கவலையை விடு." குரலில் அத்தனை தெம்பு. மூன்று மாதம் கழித்து மதுரையில் மறுபடி எடுத்தார்கள். ரெண்டரை!

ஏறிவிட்டது. நோய் திரும்பிவிட்டது என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். டாக்டரைப் பார்க்கக்கூடப் போகவில்லை. மண்டியைத் திறக்கவில்லை. எதிர்க்கடை அண்ணாச்சி ரொம்ப நாளாக மண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். 'வந்து பேசி முடிச்சிக்கோங்க' என்று அவருக்கே ஆள் அனுப்பிவிட்டார்!

அக்கா போனில் அழுதாள். "தம்பி, இவுக விக்கிறது கடையை இல்லடா... பொழைக்க மாட்டோம்னே முடிவு கட்டிட்டாக. நீ கெளம்பி வாடா."

ஓடினேன். எனக்கும் பயம்தான். அந்தக் கல்லாவில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே மனசு வரவில்லை. மச்சானைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் மதுரைக்குப் போனோம்.

டாக்டர் பேப்பரைப் பார்த்தார். "இந்த ரெண்டரை எங்க லேப்ல எடுத்தது. முன்னாடி வந்த ரெண்டு?"

"விருதுநகர்ல எடுத்தது சார்."

"அப்போ இங்கேயும் ரத்தம் கொடுத்தீங்களே?"

மச்சான் சுவரைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். "கொடுத்தேன்..."

"எவ்வளவு வந்துச்சு?"

"ரெண்டே முக்கால். அதை நான் எடுத்துக்கல சார்."

"ஏன்?"

"ரேட்டு ஜாஸ்தி."

மண்டிக்காரர் அல்லவா! இரண்டு இடத்தில் விசாரித்து, கட்டுப்படியான ரேட்டை முடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அக்கா திரும்பினாள். "பாலவநத்தத்துல சரக்குப் பாக்கப் போறேன்னு ஒரு நாள் கெளம்புனீகளே... அது இதுக்குத்தானா?"

டாக்டருக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு. "ஐயா, லேபுக்கு லேப் முறை கொஞ்சம் வேற. ஒரே ரத்தத்தை ரெண்டு இடத்துல கொடுத்தாக்கூட ரெண்டு நம்பர் வரலாம். ஒரு லேப் நம்பரை இன்னொரு லேப் நம்பரோட ஒப்பிட்டா குழப்பம்தான் மிஞ்சும். எங்க லேப்ல அப்போ ரெண்டே முக்கால். இப்போ ரெண்டரை. இது ஏறலை... இறங்கியிருக்கு!"

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தொடையில் ஓங்கி ஒரு தட்டு. அவர் தொடையில் இல்லை, என் தொடையில்!

"ஏலே மாப்ளே! ஊர்ல ஒரு தராசுல நிறுத்துட்டு வந்து, நம்ம தராசுல கொறையுதுன்னு எத்தனை பேரு என்கிட்ட மல்லுக்கு நின்னுருக்கான்? 'அந்தத் தராசுக் கதையை இங்க பேசாத'ன்னு தொண்டை கிழியக் கத்துனவன்டா நான்!"

"அதேதான். ஒரே தராசு," என்றார் டாக்டர். "ஒரு தடவை லேசா ஏறினாலும் பதறாதீங்க. திரும்ப எடுத்துப் பார்ப்போம். விடாம ஏறிக்கிட்டே போனாத்தான் யோசிக்கணும். அதுக்காகப் பார்க்கிறதை நிறுத்திடவும் கூடாது."

திரும்பும்போது பஸ்ஸில் மச்சான் பக்கத்து சீட்காரரிடம் வத்தல் விலை பேசிக்கொண்டு வந்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அன்றிலிருந்து ஒரே லேப். ரெண்டரை ஒன்றரை ஆனது. ஒன்றரை ஒன்றுக்கும் கீழே போனது. போன வாரம்... அரை!

மச்சானைக் கேலி செய்கிறேனே தவிர, நான் மட்டும் என்ன யோக்கியம்? பிடித்த பலன் சொல்லும் ஜோசியர் கிடைக்கும்வரை அலைகிற கூட்டம்தானே நாம்? பிடித்த நம்பரை வைத்துக்கொண்டு பிடிக்காததை ஒளித்து வைக்கிறோம். கடைசியில் நம்மைத் தூங்கவிடாமல் செய்வது அந்தப் பிடித்த நம்பர்தான். ஒற்றை நம்பரிடம் போய் உயிரை அடகு வைக்காதீர்கள். அடுத்தடுத்து நாலைந்து வரட்டும், போகிற திசை தெரியும்.

நான் மிட்டாயைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கடை அண்ணாச்சி உள்ளே வந்தார். பலகையை ஒரு பார்வை. மச்சானை ஒரு பார்வை.

"அந்தக் கடைப் பேச்சு... அப்படியே நிக்குதே?" என்று இழுத்தார்.

மச்சான் சாக்பீஸால் பலகையின் கடைசி வரியைத் தட்டிக் காட்டினார்.

"இது இறங்கிருச்சுல்ல? அதனால கடை ரேட்டு ஏறிப்போச்சு அண்ணாச்சி. உங்களுக்குக் கட்டாது!"