அண்ணன் குடிக்காத தண்ணீர்

டயாலிசிஸ் அறையில் மெஷினை இயக்கும் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். நோயாளிகள் வைத்தது, அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். பழுதான சிறுநீரகத்தின் வேலையை அவளுடைய மெஷின் செய்தது. ரத்தம் ஒரு மெல்லிய சவ்வை உரசிக்கொண்டு ஓடும். கழிவு சவ்வைத் தாண்டி வெளியே போகும், ரத்த அணுக்கள் உள்ளேயே நிற்கும். உடம்பில் தேங்கிய தண்ணீரை அழுத்தம் வைத்து இழுக்க வேண்டும். எவ்வளவு என்பதை எடைமேடை சொல்லும். ஏறிய எடையெல்லாம் டாக்டர் சொன்ன அளவை மீறித் திருட்டுத்தனமாகக் குடித்த தண்ணீர் என்பது அவள் கட்சி.

சொந்த அண்ணனே அந்தப் படுக்கைக்கு வந்த பிறகும் கட்சி மாறவில்லை. அவன் எடை வாராவாரம் ஏறியது.

"சத்தியமா குடிக்கலை பாப்பா. நாக்கு ஒட்டிக்குது."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

அண்ணனுக்குத் திருடத் தெரியாது; ஆகவே ஊற்றிக் கொடுக்கும் குற்றவாளி அண்ணிதான். வீட்டுக்கே போய்ச் சமையலறையைச் சல்லடை போட்டுத் தேடினாள். ஒளித்து வைத்த சொம்போ பாட்டிலோ ஒன்றும் அகப்படவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் வலுத்தது. அவள் கலைத்த பாத்திரங்களை அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

அடுத்த முறை டாக்டரிடம் மல்லுக்கு நின்று, கூடுதலாக இழுக்க அனுமதி வாங்கினாள். பாதியில் அண்ணனின் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. அலறினான். பிறகு அலறலும் நின்று, கண் செருகியது. அவள் மெஷினை நிறுத்தி, காலைத் தூக்கி வைத்து, சலைனை ஏற்றினாள். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தவள், தன் அண்ணனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோமோ என்று பதறினாள்.

ஓடி வந்த டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். வீக்கமே இல்லை.

"இவர் நல்லா சாப்பிடறாரா?"

"ரெண்டு தட்டு சாப்பிடறாரு டாக்டர். பசிக்குதுன்னா போட மாட்டேனா?" என்றாள் வாசலில் நின்ற அண்ணி.

"அப்போ ஏறினது தண்ணி இல்லை, சதை. உடம்பு தேறியிருக்கு. நாமதான் பழைய எடைக்கே இழுத்துட்டு இருந்திருக்கோம்."

ஆக, அண்ணி ஊட்டித் தேற்றியவனைத் தங்கை வாராவாரம் பிழிந்து எடுத்திருக்கிறாள். சவ்வைக் குறை சொல்லிப் பயனில்லை. அழுத்தினால் அது தண்ணீரை விடும். தேங்கிய தண்ணீரா, உயிருக்கு வேண்டிய தண்ணீரா என்று பார்க்காது. பார்க்க வேண்டியவள் எடைமேடையைத்தான் பார்த்தாள்.

அண்ணன் கண் திறந்தான். "ஒரு வாய் தண்ணி."

கறார் அக்கா தானே டம்ளரில் ஊற்றினாள். பாதி கீழே சிந்தியது. அண்ணி அருகே வந்தாள்.

"நான் குடுக்கலாமாம்மா?"

கேலியாகக் கேட்டிருந்தால் தேவலை. பயந்துகொண்டு கேட்டாள்.