கரண்டு அடுப்புக்குச் சுற்றிப் போட்ட மிளகாய்

ஊருக்கெல்லாம் வயரிங் செய்த என் அப்பாவின் வீட்டில் அரிக்கேன் விளக்குதான் எரிந்தது. அதே திண்டுக்கல்லில், பழனி ரோட்டில், அம்மாவின் அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் கரண்டு அடுப்பே பதித்திருந்தார்கள். மலாயாவில் கடை வைத்திருந்த பெரியப்பா கப்பலில் அனுப்பியது. கொத்தனார் சுவரை இடித்து உள்ளே வைத்துப் பூச, அப்பா அதற்கென்று தனி லைன் இழுத்தார். கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு குட்டி பல்பு. நான் அரிக்கேன் புகையில் பாடம் படிக்க, அங்கே கேக்குக்குத் தனி விளக்கு! எனக்கு வயிறு எரிந்தது. பங்கு கேட்கப் பெரியம்மாவுக்குப் பிள்ளைகளும் இல்லை. முழுக் கேக்கும் அவருக்கே என்று நினைக்க நினைக்க இன்னும் எரிந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு சனிக்கிழமை, அம்மா காதுபட, "அந்த அடுப்பு அவிஞ்சு போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் பால்காரர் வந்து நின்றார். பெரியம்மா வீட்டு அடுப்பில் கரண்டு வரவில்லையாம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் வரவேண்டுமாம். அந்த வருஷத்தில் அது மூன்றாவது தடவை. முதலில் எனக்கு ஒரே சந்தோஷம். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது.

அப்பா முதலில் கூடத்து விளக்கைப் போட்டுப் பார்த்தார். எரிந்தது. அடுப்பின் சுவிட்சில், இரண்டு வயர் தொங்கும் தன் பல்பை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. "அடுப்புல கோளாறு இல்ல, லைன்லயே வரல" என்று சொல்லிவிட்டு, மெயின் பலகை இருந்த ஸ்டோர் ரூமுக்குப் போனார்.

அம்மாவுக்கு அதெல்லாம் போதவில்லை. "கண்ணுதான்க்கா. நேத்து இவ வாயாலயே சொன்னா, அவிஞ்சு போகட்டும்னு."

உப்பும் வத்தலும் எடுத்து, பிள்ளைக்குச் சுற்றுவதுபோல அந்த அடுப்பின் முகத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்த விறகடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது. படாவிட்டால் வீடே இருமும். எங்களுக்கெல்லாம் தெரிந்த சோதனைதான் அது.

மிளகாய் கருகியது. நெடியே வரவில்லை. அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

நான் இருமினேன். தொண்டை கிழிய இருமினேன். என் நடிப்பு எனக்கே கேவலமாக இருந்தபோது, பக்கத்தில் பெரியம்மாவும் இரும ஆரம்பித்தார். "ஆத்தாடி, என்னா நெடி! கண்ணுமில்ல ஒண்ணுமில்ல, பச்சப்புள்ளயப் போயி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும் இடுப்பிலிருந்த தம்பியும் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

நான் அப்பாவிடம் ஓடினேன். மெயின் பலகை உயரத்தில் இருந்தது. அதன் அடியில் ஒரு முக்காலி கிடந்தது. அப்பா அதில் ஏறி, பாதி வெளியே வந்திருந்த பீஸ் கட்டையை உருவினார். எரிந்துபோன கட்டைகள் எங்கள் வீட்டில் நிறையக் கிடக்கும், கரி பிடித்து, கம்பி அறுந்து. இதில் கம்பி முழுசாக மின்னியது. வாசல்படியில் பெரியம்மா வந்து நின்றார். அப்பா அவரை ஒருமுறை பார்த்தார்.

"பீஸ் போயிருச்சு மதினி. இந்தா, மாத்திட்டேன்" என்று அதே கட்டையை அழுத்திச் செருகினார்.

அடுப்பு பல்பு எரிந்தது. என்னைக் காப்பாற்றத்தான் அப்பா பொய் சொல்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். நாங்கள் வருவதற்கு முன்பே ஐந்து இலை நறுக்கி வைத்திருந்தது. என் இலையில் மட்டும் இரண்டு கறித்துண்டு கூடுதலாக விழுந்தது.

கிளம்பும்போது பெரியம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். "இன்னைக்கு ஒரு நா இவன் இங்க இருக்கட்டுமே."

"எங்கள விட்டுட்டு இருக்க மாட்டான்க்கா" என்று அம்மா அவனை வாங்கிக்கொண்டாள்.

தெருமுனை வரைக்கும் நான் திரும்பித் திரும்பி அந்தச் சமையலறை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். கேட்டைப் பிடித்தபடி பெரியம்மா எங்கள் நாலு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றதும் கண்ணில் பட்டது. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அன்றைக்குக் கண் வைத்தவள் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.