வால் படுத்திருந்த சுறா

அவுஸ்திரேலியாவில் இருப்பது

குருநகரில் எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையின் சிறுவர் பகுதிக்கு நான் பொறுப்பு. பொறுப்பு என்றால் ஓர் அறை, ஒரு பாய், வெளிநாட்டு உறவுகள் அனுப்பிவைத்த இரண்டு பெட்டிப் புத்தகங்கள். பனிமனிதன் செய்வது எப்படி என்ற புத்தகத்தில் மட்டும் மூன்று பிரதிகள் இருந்தன. விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருக்கும் ஒருத்திக்கு இந்தச் செல்வம் போதும் என்று நிலையத் தலைவர் நினைத்தார்.

பெட்டிக்குள் ஒரு சுறாப் படப் புத்தகமும் கிடந்தது. ஒரு சனிக்கிழமை அதைப் பாயில் விரித்து, சுறா எங்கே இருக்கும் என்று கேட்டேன்.

"அவுஸ்திரேலியாவிலை, ரீச்சர்," என்றாள் ஜெனிற்றா. எட்டு வயது. அவளுடைய அப்பா றெஜி அண்ணை கடலுக்குப் போகிறவர்.

"இண்டைக்கு வீட்டிலை என்ன சாப்பாடு?"

"சோறும் சுறா வறையும்."

"அப்ப அந்தச் சுறா எங்கையிருந்து வந்தது?"

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "அது கறிச் சுறா, ரீச்சர். உது புத்தகச் சுறா."

மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். யன்னலால் கருவாட்டு மணம் வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே சுறாதான் என்பதை இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்ற யோசனை அந்த இடத்தில்தான் பிடித்தது.

சோதினைக்கு வருமோ

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு சிறு சுறா செய்யும். கொடியில் உடுப்புக் குத்துகிற கிளிப்பில் வாய், பால்மாப் பெட்டி மட்டையில் உடம்பு. வாலைச் சரியாக ஒட்டுவதுதான் பாடத்தின் உயிர். சுறாவின் வால் நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் ஆடும். டொல்பினின் வால் படுத்திருக்கும், மேலும் கீழும் அடிக்கும். இதைப் பிள்ளைகளின் உடம்பிலேயே ஏற்றினேன். அறைக்குள் இடுப்பை இடமும் வலமும் ஆட்டி நடந்தால் சுறா, குனிந்து நிமிர்ந்தால் டொல்பின். முதல் நாளே எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது.

பிடிபடாதது வாசலில் நின்ற தாய்மாருக்குத்தான்.

"ரீச்சர், உது புலமைப்பரிசில் சோதினைக்கு வருமோ?"

"வராது, அக்கா."

"அப்ப ஏன் படிப்பிக்கிறியள்?"

கோபமில்லை. உண்மையாகவே அறிய விரும்பிய கேள்வி.

தலைவர் கேள்வி கேட்பதில்லை, முடிவு சொல்வார். கல்வித் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். "பிள்ளை, ரியூசன் மாஸ்டர் சனிக்கிழமைக்கு இந்த அறையைக் கேட்டுக்கொண்டு நிக்கிறார். நீர் ஒரு கண்காட்சி வையும். வடிவா நடந்தால் அறை உமக்கு. இல்லாட்டி அவருக்கு."

ஓம் என்றேன். அவர் என்னைக் கேட்காமலே அறிவித்தலில் இன்னொரு வரி சேர்த்தார்: சிறந்த சுறாவுக்குப் பரிசு. அந்த ஒரு சொல் குருநகர் முழுவதும் காய்ச்சலைப் போலப் பரவியது.

ஒரே தாய் வயிற்றுச் சுறாக்கள்

கண்காட்சியன்று காலையில் நிலைய மண்டபத்து மேசையில் ஏழு சுறாக்கள் இருந்தன. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைமட்டையில் உடம்பு, வெள்ளிப் பூச்சு, கண்ணுக்கு மின்னுகிற கல். ஏழும் ஒன்றுபோலவே இருந்தன. ரவுணில் ஒரு கடை பள்ளிக்கூடத்தில் செய்துவரச் சொல்கிற ஒப்படைகளைச் செய்து விற்கிறது. எரிமலை, சூரியக் குடும்பம், மனிதக் கண் எல்லாம் அங்கே ஆயத்தமாக இருக்கும். இம்முறை ஏழு வீட்டார், ஒருவருக்கொருவர் தெரியாமல், அங்கே போய்ச் சுறா கேட்டிருக்கிறார்கள்.

ஏழின் வாலும் படுத்திருந்தது. கடைக்காரர் செய்தது சுறாப் பல்லு வைத்த டொல்பின்.

பிள்ளைகள் செய்த மட்டைச் சுறாக்களைத் தேடினேன். மேசைக்குக் கீழே, விரிப்புக்குப் பின்னால் இருந்தன. "பசை தெரியுது, பிள்ளை," என்றார் தலைவர். "விருந்தினர் பாக்கிற இடத்திலை உதுகளை வைக்கலாமோ?"

விருந்தினர் வந்தார், மாலை விழுந்தது, விளக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். சுறா நீந்துகிற வேகத்தில் பிள்ளைகள் படித்து டொக்டராக வேண்டும் என்று அவர் நெடுநேரம் கதைத்தார். பின்வரிசையில் இரண்டு பிள்ளைகள் நித்திரையாகிவிட்டன. மூன்று நடுவர்கள் ஏழு இரட்டையர்களையும் மாறிமாறிப் பார்த்து ஏதோ எழுதினார்கள். முதற் பரிசு ஜெனிற்றாவுக்கு. மற்ற ஆறையும்விட அது எப்படிச் சிறந்தது என்பது நடுவர்களுக்கே வெளிச்சம்.

அவள் மேடையேறினாள். விருந்தினர் ஒலிவாங்கியை அவளுடைய வாயருகே பிடித்தார். "எப்பிடிச் செய்தனீங்கள், பிள்ளை? சொல்லுங்கோ."

"நான் செய்யேல்லை. அப்பா கடையிலை வாங்கினவர்." மூச்சு விட்டாள். "இது சுறாவுமில்லை. வால் படுத்திருக்கு. டொல்பின்."

முதலில் சிரித்தது பிள்ளைகள். பிறகு இடுப்பை ஆட்டத் தொடங்கினார்கள். இடம், வலம், இடம், வலம். மண்டபம் முழுக்கச் சுறா.

தலைவர் என் பக்கம் திரும்பினார். முகம் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. "ரீச்சர் சொல்லட்டும். நீர் விலங்கியல் படிச்சனீர். இது சுறாதானே, பிள்ளை?"

அறையின் திறப்பு அவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஓம் என்றால் சனிக்கிழமை எனக்கு. ஜெனிற்றா இன்னும் மேடையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை, ஐயா," என்றேன். "பிள்ளை சொன்னதுதான் சரி."

விருந்தினர் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். பொன்னாடையை மறக்கவில்லை.

வாசலில் றெஜி அண்ணை காத்து நின்றார். ஏச்சு விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு வாங்கேக்கையே தெரியும், ரீச்சர். எத்தினை சுறா பிடிச்சிருப்பன். வால் பிழையெண்டு கண்டனான்."

"பிறகேன் அண்ணை வாங்கினனீங்கள்?"

"படிப்புக்கெண்டு செய்யிற சுறா உப்பிடித்தான் இருக்குமாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கப் பிடித்த மீனைக் கடைக்காரர் ஒருவர் பிழையாகச் செய்து நீட்டியபோது, படித்தவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். பிள்ளைகளிடம் நான் திருத்தப் பார்த்த அதே பிழை, வளர்ந்து மீசை வைத்து என் முன்னால் நின்றது.

இனி

அறை போய்விட்டது. அடுத்த சனிக்கிழமையே ரியூசன் மாஸ்டர் வாங்கு மேசைகளைப் போட்டார். அவருடைய மாதிரி வினாத்தாளில் சுறாவின் வால் எப்படி அசையும் என்றொரு கேள்வி ஏறியிருக்கிறது. தாய்மார் இப்போது எனக்குப் போன் எடுக்கிறார்கள்: "ரீச்சர், விடை ஒண்டோ, ரெண்டோ?" கட்டிலில் குப்புறப் படுத்து, பிள்ளைகளைப் போல இடுப்பை ஆட்டிப் பாருங்கள் என்கிறேன். பலர் உடனே வைத்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிப் போனைக் கீழே வைத்தார். கட்டில் கிறீச்சிடுவது கேட்டது.

இதில் நான் படித்தது ஒன்றுதான். பிள்ளைகளின் கையில் பிழையில்லை. அவர்களுக்கு மேலால் நீண்டு வருகிற பெரிய கைகளுக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும்.

றெஜி அண்ணை கரையில் வலை வைக்கிற தன்னுடைய வாடியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிறு பூசை முடிய அங்கே திருக்கை செய்கிறோம். இம்முறை வகுப்பு பெற்றோருக்கு. பால்மா மட்டையும், பசையும், முனை மழுங்கிய கத்தரிக்கோலும் தருவேன். தலைவருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே வந்து உதவி செய்யக்கூடாது.