சாவி கேட்காத ஐந்து பேர்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. மெஷின் இரைச்சலிலேயே காலம் போனதால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவாள். ஆனால் தனக்கென்று ஒன்றைக் கேட்க வேண்டும் என்றால் மட்டும் குரல் தொண்டைக்குழியைத் தாண்டாது. அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவள் படித்த பள்ளிக்கூடம்.

தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் மட்டுமே படித்த பள்ளி அது. பெண்களையும் சேர்க்கலாம் என்று முடிவான முதல் வருஷம் வந்தவர்கள் ஐந்தே பேர். தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் செய்கிற தப்புக்குத்தான் ஆயுசு கெட்டி. ஐந்தும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அரட்டை அடித்தே கெட்டுப்போகும் என்று வகுப்புக்கு ஒருத்தியாகப் பிரித்துப் போட்டுவிட்டார்.

பெண்களுக்கென்று இருந்த கழிப்பறையும் ஒன்றுதான். அதன் சாவி அலுவலகத்தில் தொங்கும். தொலைந்துவிடக் கூடாது என்று உடைந்த கிரிக்கெட் ஸ்டம்ப் ஒன்றில் கட்டியிருந்தார்கள். குமாஸ்தாவிடம் கேட்டு வாங்கி, அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடக்க வேண்டும். "டேய், பேட்டிங் போறாங்கடா!" என்று மாடியிலிருந்து ஒருவன் கத்துவான். மொத்தப் பள்ளியும் கைதட்டும். ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொள்ளாமலே ஐந்து பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். சாவியும் கேட்பதில்லை, சாயங்காலம் வரை தண்ணீரும் குடிப்பதில்லை.

அப்படியே படித்து முடித்து, ஒருத்தி பெயர் ஒருத்திக்குச் சரியாகத் தெரியாமலே பிரிந்து போனார்கள்.

பல வருஷம் கழித்துப் பழைய மாணவர் விழாவுக்கு அழைப்பு வந்தது. வாசலில் நின்றவர், "மாணவர்கள் முன்னாடி போங்க, குடும்பத்தார் எல்லாம் கடைசி வரிசை" என்று ஒவ்வொருத்தியையும் பின்னால் அனுப்பினார். "நானும் இங்கதான் படிச்சேன்" என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. அந்தப் புண்ணியவானால்தான் ஐந்து பேரும் முதல் தடவையாக ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரி, பின்னாளில் வக்கீலானவள், இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸ்டம்ப்பா?" என்றாள். அவ்வளவுதான். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

"விட்டதெல்லாம் போதும். மாசத்துல ஒரு சனிக்கிழமை பாத்துக்குவோம்" என்றாள் கண்ணாடிக்காரி. கடை முதலாளியைக் கெஞ்சிப் பின்னறையையும் வாங்கிவிட்டாள்.

வக்கீலுக்கு வாய் நீளம். தபால் ஆபீஸ் கவுன்டரில் இருந்தவளுக்குப் பேச்சு அத்தனை மெது, அதனால் அவளுக்குப் பஞ்சு என்று பேர் வைத்தார்கள். மற்ற இருவரில் ஒருத்தி கணக்கு டீச்சர், இன்னொருத்தி தையல் கம்பெனி மேற்பார்வையாளர். டீ வரும், பிஸ்கட் வரும், ஊர் வம்பெல்லாம் வரும். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் மட்டும் எல்லாருக்கும் ஒரே பதில்: "எனக்கென்ன, நல்லா இருக்கேன்." கண்ணாடிக்காரியின் அம்மா ஒரு பக்கம் வாதம் வந்து படுத்து ஒரு வருஷமாகியிருந்தது. அதைப் பற்றி அவளும் மூச்சு விடவில்லை. மேஜையில் நிரப்பி வைத்த தண்ணீர் ஜாடி கடைசிவரை நிரம்பியே இருக்கும். எல்லாரும் போன பிறகு அதைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு விளக்கை அணைப்பாள்.

ஒரு சனிக்கிழமை பஞ்சு வரவில்லை. மறுநாள் அவள் தங்கையிடமிருந்து போன் வந்தது, அக்கா போய்விட்டாள் என்று.

சாவு வீட்டில் யாரோ ஒரு பெரியவர், "நீங்கல்லாம் யாரும்மா?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்க" என்றாள் கண்ணாடிக்காரி. சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஏழெட்டு மாசமா புற்றுநோய்க்கா. உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னுட்டா. யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதாம்" என்று தங்கை அழுதாள்.

வக்கீல் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான்டி சொன்னேன், புது ஹேர்ஸ்டைல் பிரமாதமா இருக்குன்னு. சிரிச்சாளே... அது விக்குடி."

கண்ணாடிக்காரிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்தியது. செத்தவள் மேலேயே வந்தது. இத்தனை சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன? டீச்சரும் போகிறபோது, "இனிமே சனிக்கிழமை கூடறது வேணாம்பா. என்ன பிரயோஜனம்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்து லென்ஸ் தேய்க்கிற தனக்கு எதிரில் இருந்தவள் முகம் தெரியவில்லையே என்று கண்ணாடிக்காரிக்கு மனசு அறுத்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பெண் பையோடு நின்றாள். திங்கட்கிழமை முதல் வர முடியாதாம், மகளுக்குப் பிரசவமாம். "புது ஆள் கிடைக்கிற வரைக்கும் வேலைக்குப் போகாம இருப்பீங்களா? தெரிஞ்சவங்க யாரையாவது கேளுங்களேன்" என்றாள்.

"யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதும்மா" என்றாள் இவள்.

அச்சு அசலாகப் பஞ்சுவின் வார்த்தை.

வக்கீலுக்குப் போன் போட்டாள். மணி அடித்ததும் கட் பண்ணிவிடலாமா என்று இருந்தது. அலுவலக வாசலில் சாவி கேட்க நின்று திரும்பிப்போன அதே பெண்ணாக நின்றாள்.

"சொல்லுடி."

"எனக்கு... ஒரு உதவி வேணும்."

எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீல் வெடித்தாள். "ஒரு வருஷமாவா? வாயில பூட்டா போட்டிருந்த? நீயும் அவள மாதிரியே போகலாம்னு பாத்தியா?" திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே, தன் மகன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதையும் சொன்னாள். அதுவும் இதுவரை யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் கேஸ் கட்டுகளோடு வந்து நின்றாள் வக்கீல். "மத்தியானம் வரைக்கும் நான். அப்புறம் தையல்காரி வருவா. நாளைக்கு டீச்சர். வேணாம்னு சொன்னவதான், நீ கேட்டேன்னதும் முதல் ஆளா நாள் சொன்னா." மருந்து எது, கஞ்சி எப்போது என்று கேட்டுக்கொண்டாள். மேஜை மேல் இருந்த தண்ணீரை ஊற்றி ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொரு டம்ளரும் ஊற்றி நிதானமாகக் குடித்தாள்.

"பாத்ரூம் எங்கடி இருக்கு?"

இத்தனை வருஷத்தில் அவர்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம் இதைக் கேட்டதில்லை. கண்ணாடிக்காரி கையைக் காட்டினாள். கதவு சாத்திய பிறகு கூடத்தில் நின்று பஞ்சுவுக்காக வாய்விட்டு அழுதாள்.

உள்ளேயிருந்து அம்மா குழறலாகக் கேட்டாள், "யாரு வந்திருக்கா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"என் கூடப் படிச்சவம்மா."