எட்டை அழித்து ஆறு

இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு நட்சத்திரத்துக்காக முப்பது வருஷம் கோபப்படுவாளா ஒருத்தி என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அப்பாவின் ரயில்வே உத்தியோகம் எங்களை மைசூருக்குக் கொண்டுவந்திருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நான் டைப்பிஸ்ட். அக்ரஹாரத்து வாடகை வீட்டின் மொட்டை மாடிக்கு, சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் பைனாகுலரோடு ஏறிவிடுவேன். உடைந்த வளையல் போல ஏழு நட்சத்திரங்கள், அந்த வளைவுக்குள் எங்கள் ஆள், நான் சொன்ன அந்த நட்சத்திரம். வருஷக்கணக்கில் ஒழுங்காக இருக்கும். திடீரென்று சொல்லாமல் கொள்ளாமல், தானே கக்கிய கரிக்குள் மறைந்து மங்கிவிடும். எப்போது மங்கும், எப்போது தேறும் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. அதனால்தான் தினமும் பார்க்க வேண்டும்.

பக்கத்து நட்சத்திரங்களின் ஒளி எண் நமக்குத் தெரியும். அவற்றோடு ஒப்பிட்டு இதற்கு ஓர் எண் எழுத வேண்டும், அவ்வளவுதான். எண் கூடினால் ஒளி குறைவு. வழக்கமாக இது ஆறு. எங்கள் வானியல் குழுவின் செயலாளர் ஓய்வுபெற்ற பேராசிரியர், தமிழர். ஞாயிறுதோறும் தாள்களை வாங்கிச் சரிபார்த்து வெளிநாட்டு மையம் ஒன்றுக்கு அனுப்புவார். பென்சிலில்தான் எழுத வேண்டும் என்பது அவர் உத்தரவு.

ஒரு வாரம் விடாத மழை. வெறித்த முதல் சாயங்காலம் பார்த்தால், எப்போதும் எங்கள் ஆளைவிட மங்கலாகத் தெரியும் பக்கத்து நட்சத்திரம் அன்று அதைவிடப் பளிச்சென்று இருந்தது. லென்ஸைத் துடைத்துவிட்டு மூன்று தடவை பார்த்தேன். எட்டுதான். துணியை எடுக்க மறந்து கீழே ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை என் தாளைப் பார்த்துச் செயலாளர் சிரித்தார்.

"எட்டாம்மா? அடிவானத்து மூட்டத்தைப் பார்த்திருப்பே."

"இல்ல சார், பக்கத்துல இருக்கறதெல்லாம் நன்னா தெரிஞ்சுது."

"வேற யாரும் எழுதலையே. வெளிநாட்டுக்காரன் முன்னால நம்ம மானம் போகும். சும்னே அழிச்சிட்டு ஆறு போடு." மைசூர் வாசத்தில் அவர் வாயில் 'சும்மா' கன்னடத்து 'சும்னே' ஆகியிருந்தது.

குழுவில் வேறு யாரும் அன்று தங்கள் மாடி ஏறவே இல்லை. ரப்பரை அவரே நீட்டினார். பத்துப் பேர் பார்க்க, என் கையாலேயே எட்டை அழித்து ஆறு போட்டேன்.

சில வாரங்களில் மையத்திலிருந்து கடிதம் வந்தது. நட்சத்திரம் மங்கிவிட்டதாம். பல நாடுகளிலிருந்தும் பார்த்து எழுதியிருந்தார்களாம். அந்தத் தேதியில் ஆறு என்று எழுதியவள் நான் ஒருத்திதான், தயவுசெய்து சரிபார்க்கவும் என்றிருந்தது. செயலாளர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கம் திரும்பி, "வானத்தைப் பார்க்காம பழக்கத்துல நம்பரைப் போட்டா இப்படித்தான் ஆகும்" என்றார்.

எழுந்து நின்றேன்.

"நீங்கதானே சார் அழிக்கச் சொன்னீங்க?"

மனுஷன் அசரவே இல்லை. "நான் சொன்னேன், சரி. பார்த்தது நீதானே? நீ ஏம்மா அழிச்சே?"

அவர் என்னிடம் கேட்டதிலேயே நியாயமான கேள்வி அது ஒன்றுதான். அதைக் கேட்டதற்காகத்தான் அவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.