பெயர் வெட்டிய பாலாடை

அமெரிக்காவில், எடிசனில் எங்கள் வீட்டுக்குள் திருடன் புகுந்தபோது நாங்கள் ஒரு கிரகப்பிரவேசத்தில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அங்கே புது அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் இங்கே எங்கள் பின்கதவு உடைந்திருக்கிறது. இந்தியன் வீடென்றால் தங்கம் இருக்கும் என்பது இந்த ஊர்த் திருடனுக்கெல்லாம் மனப்பாடம். நகை போனது. அதற்கு இன்ஷூரன்ஸ் இருந்தது, அழுது தீர்த்தாயிற்று. வெள்ளிச் சாமானையெல்லாம் என் தலையணை உறையிலேயே அள்ளிக்கொண்டு போயிருந்தான் பாவி. அதோடு பாலாடையும் போனது. அதற்கு மட்டும் அழுது தீரவில்லை.

எங்கள் பெண் இங்கே பிறந்தவள். அவளுக்கு முன்னால், நாங்கள் அமெரிக்கா வருவதற்கும் முன்னால், சென்னையில் ஒரு பையன் பிறந்தான். எட்டாம் மாதமே பிறந்துவிட்டதால் அவனுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. நர்ஸ் பாலாடையில்தான் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவாள். உள்ளங்கையில் அடங்குகிற, மூக்கு நீண்ட குட்டி வெள்ளிக் கிண்ணம். பெயர் வைக்கிற நாளில் ஆஸ்பத்திரியிலேயே என் கணவர் குனிந்து குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொன்னார். மறுநாளே என் அப்பா அந்தப் பாலாடையைப் பாத்திரக்கடைக்கு எடுத்துப்போய் அடியில் பெயர் வெட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் ஸ்பூன் வாங்கினாலும் பெயர் வெட்டாமல் உள்ளே வராது. பெயர் இருந்தால் பொருள் தொலையாது என்பார் அப்பா.

பொருள் இருந்தது, பிள்ளைதான் தங்கவில்லை. சர்ட்டிஃபிகேட்டில் என் பெயரைப் போட்டு, இன்னாரின் ஆண் குழந்தை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆக, அவன் பெயர் இந்த உலகத்தில் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அந்தப் பாலாடையின் அடிப்பக்கம். அதை இங்கே எழுதலாம்தான், மனசு வரவில்லை. இவர் அதற்குப் பிறகு அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. நான் பேச்செடுத்தால் எழுந்துபோய்க் கார் கழுவுவார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

கோவில் பிரசாத வரிசையில் ஒரு ஆன்ட்டிதான் சொன்னார், ஆற்றங்கரையோரம் ஒரு பழைய டவுனில் நிலத்தடியில் வெள்ளிச் சந்தை இருக்கிறதாம், நம்ம ஊர்க் குத்துவிளக்கைக்கூட அங்கே பார்த்தாராம். அன்றிலிருந்து இவரை நச்சரிக்க ஆரம்பித்தேன். யானை வாயில் போன கரும்பு, விடு என்றார். விட்டுவிடுகிற ஆளா நான்? ஒரு சனிக்கிழமை காரை எடுக்க வைத்தேன்.

வெளியிலிருந்து பார்த்தால் பூட்டிக் கிடக்கிற பாங்க் கட்டடம். நூறு வருஷத்துக்கு மேல் பழசாம். பாங்க் போய்விட்டது, அதன் பாதாள லாக்கர் அறைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. படியிறங்கினால் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு வட்ட இரும்புக் கதவு. அதைத் தாண்டினால் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு கடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளி. சூப்புக்கு ஒரு கரண்டி, மீனுக்கு ஒரு கத்தி, சர்க்கரையைப் பிடிக்க ஒரு இடுக்கி. ஒரு வாய் சாப்பிட இத்தனை ஆயுதமா என்று இவரிடம் கேட்டேன். சிரிக்கவில்லை. போனில் சிக்னல் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

கடைசிக்கு முந்தின அறையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காதில் மட்டும் மிஷின், தங்க ஃப்ரேம் கண்ணாடி, நல்ல மனுஷன் முகம். அவருடைய கண்ணாடி அலமாரியில், இரண்டு டீப்பாட்டுக்கு நடுவில் இருந்தது. பாலாடை ஆயிரம் இருக்கும், ஆனால் இதன் மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நர்ஸ் கை தவறிப் போட்டதில் வளைந்த மூக்கு. அப்பா நிமிர்த்தித் தரச் சொன்னதற்கு, நிமிர்த்தினால் ஒடிந்துவிடும் என்று கடைக்காரர் அப்படியே விட்டது.

எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். துணியால் பிடித்துக் கொடுத்தார். திருப்பினேன். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்றிருந்தது. என் முகம் தெரிந்தது. பெயர் இல்லை.

ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கலாமென்றால் பாதாளத்தில் ஏது ஜன்னல்? டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கட்டை விரலால் தடவினேன். நடுவில் மட்டும் லேசாகப் பள்ளம். அந்த இடத்தில் வெள்ளி மெலிந்திருந்தது. இங்கே ஏதாவது இருந்ததா என்று கிழவரைக் கேட்டேன். ஓ, இருந்ததே என்றார், சந்தோஷமாக. கொடி மாதிரி அழகான சுழிகள், ஏதோ எழுத்துப் போலிருக்கிறது, பாலிஷ் போடுகிறவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லிவிட்டேன் என்றார். இன்னொருத்தர் பெயர் இருக்கிற சாமானை இந்த ஊரில் யாரும் வாங்க மாட்டார்களாம். பெயரை எடுத்தால்தான் விற்குமாம். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதானாம்.

தொலையாமல் இருக்கப் பெயர் வெட்டுகிற ஜாதி நாங்கள். விற்பதற்காகப் பெயரை வழிக்கிற ஊரில் வந்து சிக்கிக்கொண்டோம். அவர் மேல் பாய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. எதைச் சொல்லிப் பாய்வது? இது என் பிள்ளையுடையது, எங்கள் வீட்டில் திருடு போனது என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஒரு வீட்டுச் சாமானை மொத்தமாக விற்ற வியாபாரியிடம் வாங்கினதாம், ஆதாரம் ஏதாவது இருந்தால் யோசிக்கலாம் என்றார். போலீஸில் கொடுத்த பட்டியலில் வளையலும் அட்டிகையும் இருந்தன. பாலாடை இல்லை. யாருக்கும் காட்டாமல் புடவைக்கு அடியில் வைத்திருந்ததை எப்படிப் பட்டியலில் போடுவேன்? போட்டோவும் கிடையாது. இருந்த ஒரே ஆதாரம் அந்தப் பெயர். அதைத்தான் வழித்துவிட்டார்களே.

கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இவர் பர்ஸிலிருந்து கார்டை எடுத்து கவுண்டரில் வைத்தார். நம்ம பொருளை நாமே காசு கொடுத்து வாங்குவதா என்று வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்று அந்தக் கார்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

கிழவர் பாவம், மனசு கேட்காமல், என் ஆளிடம் சொல்லித் திரும்ப எழுதித் தரச் சொல்லட்டுமா என்றார். எழுதலாம். ஆனால் அப்பா போய் நின்று வெட்டி வாங்கின எழுத்து வருமா? வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் பாலாடையை மெல்லிய தாளில் சுற்றிக்கொண்டே, என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டார்.

இவர் சொன்னார்.

முப்பது வருஷத்துக்குமேல் நான் கேட்காத வார்த்தை, இந்த மனுஷன் வாயிலிருந்து, ஒரு பாதாளத்தில், முன்பின் தெரியாத வெள்ளைக்காரரிடம். கிழவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. சாரி என்று மிஷின் இல்லாத காதைத் திருப்பினார். இவர் இன்னொரு தடவை சொன்னார். கிழவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், தப்பாக வந்தது. இவர் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, குனிந்து, அந்தக் காதுக்குக் கிட்டே போய் மூன்றாவது தடவை நிதானமாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சொன்ன அதே குரல்.

இந்தத் தடவை கிழவர் சரியாகச் சொல்லிவிட்டார். நல்ல பெயர் என்று சிரித்தார். பொட்டலத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, பையனுக்கு இப்போது என்ன வயசாகிறது என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். இவர் கணக்குப் போட ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

“தர்ட்டி ஒன்,” என்றார். “நவம்பர் வந்தா தர்ட்டி டூ.”