கடைசித் தெருவின் கேள்வி

என் வீட்டுக்காரர் பிளம்பர். திண்டுக்கல்லில் பிளம்பர்கள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கவுன்சிலர் தேர்தலில் எங்கள் வார்டுக்குச் சுயேச்சையாக நின்றார். குழாய்ச் சின்னம் கேட்டார். இஸ்திரிப் பெட்டி கிடைத்தது. அன்றைக்கே எனக்கு மனசு சரியில்லை.

என் பயம் சின்னத்தைப் பற்றியது அல்ல. மனுத் தாக்கல் செய்ததிலிருந்து கட்சிக்காரர்கள் வீடுகளில் அவருக்கு வேலை நின்றுபோனது. ஜெயித்தால் எப்படியோ சமாளிக்கலாம். தோற்றால் யார் வீட்டுக் குழாயைத் திருகிச் சாப்பிடுவது? ஓட்டுக் கேட்கப் போன வீட்டில் சிங்க் அடைத்திருந்தால் அதையும் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் வருவார். “பாக்கலாம்ணே” என்பார்கள். அந்தப் ‘பாக்கலாம்’ ஓட்டா இல்லையா என்று நான் மண்டையை உடைத்துக்கொள்வேன்.

கடைசித் தெருவுக்கு நானும் கூடப் போனேன். குடிதண்ணீர் லைன் அங்கேதான் முடிகிறது. தண்ணீர் விடும் நாளிலும் அங்கே குழாயில் காற்றுதான் வரும். இடுப்பில் குடத்தோடு ஒரு அக்கா வழியை மறித்தார்.

“எங்களுக்கு மட்டும் ஏன் தண்ணி வரமாட்டேங்குது?”

“முன் தெருக்காரங்க குழாய்ல மோட்டாரை மாட்டி உறிஞ்சிர்றாங்கம்மா. நான் ஜெயிச்சா அம்புட்டையும் கழட்டிருவேன்.”

“மாட்டி விட்டது யாரு? ஒங்க சங்கத்து ஆளுகதான?”

நோட்டீஸ் கொடுக்க வந்த சங்கத்துக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். இந்த மனுஷனோ, “நானுந்தேன் மாட்டிருக்கேன். என் வீட்லயும் ஒண்ணு ஓடுது” என்றார்.

“அப்ப மொதல்ல அதைக் கழட்டுங்க. பெறகு ஓட்டுக் கேளுங்க.”

வீட்டுக்கு வந்ததும் ஸ்பானரை எடுத்துவிட்டார். “ஏங்க, ஓட்டு முடியட்டுமே” என்று கெஞ்சினேன். பிறகு கத்தினேன்.

“முடிஞ்ச பெறகு கழட்டுனா யாரு நம்புவா?” என்றார், மோட்டாரைக் கழற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல்.

மோட்டாரையெல்லாம் பிடுங்கப்போகிறார் என்ற சேதி முன் தெருக்களுக்குப் பறந்தது. அதுவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டவர்கள் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். அந்தப் ‘பாக்கலாம்’கூட இப்போது இல்லை.

ஓட்டுப் போடும் நாளுக்கு முன்பாகவே தண்ணீர் விட்டார்கள். பக்கத்து வீட்டில் மோட்டார் உறுமியது. அதை மாட்டிக் கொடுத்ததும் என் வீட்டுக்காரர்தான். எங்கள் குழாய் புஸ்ஸென்றது, அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வேலை போச்சு, ஓட்டு போச்சு, இப்போது தண்ணீரும் போச்சு. குடத்தைத் தூக்கிக்கொண்டு, கடைசித் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரிக்கு நடந்தேன்.

வரிசையில் அதே அக்கா நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் வெறுங்குடத்தையும் பார்த்தார்.

“ஒங்க வீட்லயும் வரலையா?”

“வரலக்கா.”

அக்கா வரிசையின் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: “ஏ, அவரு நெசமாவே கழட்டிட்டாருடி!”

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. கையைக் கூப்பி ஓட்டுக் கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் அழுதுவிட்டேன்.